நாகஸ்வரம் 'அதர்' ஆகலாமா?

1968-ல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜிக்காக நாகஸ்வரம் வாசித்தவர்கள் யார் தெரியுமா? நம்ம மதுரை சகோதரர்கள் எம்.பி.என். சேதுராமன், எம்.பி.என். பொன்னுசாமி!

ஒரு பாட்டிலிருந்து வாத்தியங்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் ஏ.ஐ. மென்பொருள் 'டீமக்ஸ்'. ஃபேஸ்புக் நிறுவன ஆய்வாளர்கள் 2019-ல் இலவசமாக வெளியிட்டது. அந்தப் பட இசையில் ஒரு துண்டை அதில் போட்டேன். நாலு பெட்டியாகப் பிரித்தது: குரல், டிரம்ஸ், பேஸ், அதர். நாகஸ்வரம் பெரும்பாலும் 'அதரில்' விழுந்தது. தவில் பாதி டிரம்ஸில், மீதி அங்கங்கே சிதறல்.

தவில் வாசிக்கும் என் அப்பா பக்கத்தில் இருந்தார். "ஏப்பா, அதர்னா என்ன? எங்களுக்குன்னு ஒரு பேரு கெடையாதா?" என்றார். நான் வாயடைத்துப் போனேன்.

மிஷின் மேல் குற்றமில்லை. கேட்டுப் பழகியதைத்தான் அது பிரிக்கும். அதைப் பழக்கப் பயன்பட்ட 'மியூஸ்டிபி18' தொகுப்பில் 150 பாட்டுகள்; பெரும்பாலும் மேல்நாட்டு ராக், பாப். அவையும் இதே நாலு பெட்டிதான்!

நாகஸ்வரம், தவில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்து கொடுத்தால் அதுவும் கற்றுக்கொள்ளும். பழைய ரிக்கார்டில் தவிலை மட்டும் பிரித்துக் கேட்டால், புதிதாகப் பழகும் பையனுக்கு அதைவிட நல்ல வாத்தியார் உண்டா?

மதுரையைச் சுற்றி ஊருக்கு ஊர் கலைஞர்கள் இருக்கிறார்கள். மைக் பிடிக்க எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் நாம் இருக்கிறோம். முதலில் அவர்கள் சம்மதம், பிறகு உரிய கூலி, பதிவில் அவர்கள் பெயர்.

நம்ம வாத்தியத்துக்கு நாமே பெயர் எழுதாவிட்டால், வேறு யார் எழுதுவார்? சிந்திப்போம்... செய்வோம்!