கைமடி பையனுக்கு ஒரு படம்

பூமணியின் ‘வெக்கை’ நாவலைப் படித்துவிட்டு ‘அசுரன்’ பார்க்கப் போனவர்கள் ஒரு கேள்வியோடுதான் தியேட்டரை விட்டு வெளியே வந்திருப்பார்கள்: அந்தப் பையன் எங்கே? 1982-ல் வந்த நாவலில் கதை முழுவதும் பதினைந்து வயதுச் சிதம்பரத்தின் தலையில்தான் இறங்குகிறது. அண்ணனின் சாவுக்குப் பழிவாங்கிவிட்டு, அப்பாவோடு காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரியும் அந்தச் சில நாட்களில் பசி, பயம் எல்லாவற்றையும் அவன் பார்த்துவிடுகிறான். கூடவே அப்பா எப்பேர்ப்பட்ட மனுஷன் என்பதையும். 2019-ல் நாவல் படமானபோது அப்பா தனுஷ் ஆனார். அவருக்கு ஓர் இளமைக்காலம் வந்தது, அதற்குள் காதலும் ரத்தமும் வந்தன. பையன் பக்கத்தில் நின்றான்.

படம் மோசம் என்பதல்ல பேச்சு. சிறந்த தமிழ்ப் படம், சிறந்த நடிகர் என்று தேசிய விருதுகள் வாங்கிய படம் அது. ஆனால் நட்சத்திரத்தை வைத்து எடுத்தால் கதை நட்சத்திரத்தின் வயதுக்குத்தான் போய் நிற்கும். ஹீரோவுக்கு மீசை அரும்பும் வயது திரும்ப வராது. வாங்கிய சம்பளத்துக்கு அவர் ஓரமாக உட்கார்ந்திருக்கவும் மாட்டார். அதனால்தான் ஒரு பையன் ஆளாகிற கதையை நாவலிலிருந்து சேதாரம் இல்லாமல் திரைக்குக் கொண்டுவர, ஸ்டுடியோ கணக்குக்குள் சிக்காத சின்னப் படத்தால் மட்டுமே முடிகிறது. சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ 1955-ல் அதைக் காட்டியது. பத்தே வருஷத்தில் தமிழிலும் ஒருவர் காட்டினார்.

ஜெயகாந்தன் தன் ‘உன்னைப்போல் ஒருவன்’ நாவலைத் தானே இயக்கி வெளியிட்டது 1965-ல். சேரியில் வளரும் சிட்டி என்கிற சிறுவன், சித்தாள் வேலை பார்க்கும் அவன் அம்மா, அவள் வாழ்க்கையில் வந்து சேரும் கிளி ஜோசியர். அம்மாவுக்கு இன்னொரு துணை என்பதைப் பையனால் செரிக்க முடியவில்லை. அந்த அஜீரணம்தான் கதை. பாட்டுக்கும் சண்டைக்கும் வேலையே இல்லை, வீணை சிட்டிபாபு பின்னணி இசை மட்டும் தந்தார். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் உச்சத்தில் இருந்த காலத்தில் இப்படி ஒரு படம்! தேசிய விருதுகளில் மூன்றாவது சிறந்த படத்துக்கான சான்றிதழ் கிடைத்தது. தியேட்டர்காரர்களிடமிருந்து கிடைத்தது சொற்பம்.

இந்த வரிசையில் அடுத்து எடுக்க வேண்டிய நாவல் ஒன்று அச்சாகி இருபது ஆண்டு தாண்டிவிட்டது. எம்.கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’, 2004-ல் வந்தது. கதை நடக்கும் ஊர் திருப்பூர். பள்ளிக்கூடப் படிப்பின் விளிம்பில் நிற்கும் ஐந்து நண்பர்கள், அவர்களை ஒவ்வொருவராக உள்ளே இழுத்துக்கொள்ளும் பனியன் தொழில். ஊர் வளர்கிறது, அவர்களும் வளர்கிறார்கள், இரண்டு வளர்ச்சியும் ஒன்றையொன்று தின்கின்றன. திருப்பூரைப் பற்றி நாவலே இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. சாயக்கழிவு ஊரை என்ன செய்தது என்பதைச் சுப்ரபாரதிமணியன் ‘சாயத்திரை’யில் எழுதிவிட்டார். எழுத்து தன் வேலையைச் செய்துவிட்டது. கேமரா இன்னும் அவிநாசி தாண்டவில்லை.

திருப்பூர்ப் பையன் ஒருவன் ஆளாவதில் மற்ற ஊர்களில் இல்லாத ஒரு விசேஷம் உண்டு: அவனுடைய வயதை மெஷின்தான் சொல்லும். முதலில் கைமடி. பவர் டேபிளில் டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுக்க வேண்டும், தைத்து விழுகிற பீஸை வாங்கி அடுக்க வேண்டும், பிசிறு வெட்ட வேண்டும். டெய்லரின் கை ஓடுகிற வேகத்துக்குக் கைமடியின் கையும் ஓட வேண்டும், இல்லாவிட்டால் திட்டு. சாயங்காலம் பார்த்தால் புருவத்திலும் கண்ணிமையிலும் பஞ்சு படிந்து பையன் கிழவனாகியிருப்பான். சாப்பாட்டு நேரத்தில் டெய்லர் எழுந்து போனதும் மெஷினில் உட்கார்ந்து கழிவுத்துணியில் நேர்கோடு தைத்துப் பழகுவான். ஒருநாள் ஆள் வராதபோது ஓவர்லாக்கில் உட்கார வைப்பார்கள். அப்புறம் பேட்லாக். அப்புறம் பீஸ் ரேட்டில் தானே டெய்லர். துணிச்சல் உள்ளவன் நாலு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுப்பான். அதில் ஒருவன் கம்பெனி வைப்பான். அவன் கூடவே கைமடியாக நின்றவன் அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டராகி, நேற்றுவரை வாடா போடா என்று கூப்பிட்டவனை முதலாளி என்பான். ஒரு நட்பு அந்த ஒரு சொல்லில் முறிவதை எடுக்க செட் வேண்டாம், கிராபிக்ஸ் வேண்டாம். இரண்டு நல்ல முகங்கள் போதும்.

அந்தத் தலைமுறை பார்த்தவையும் கொஞ்சமல்ல. 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் நடந்த வேலைநிறுத்தம். அந்த நாலு மாதத்தில் ஒரு வீட்டுப் பையன் எவ்வளவு சீக்கிரம் பெரியவனாகியிருப்பான் என்று யோசித்துப் பார்க்கலாம். பிறகு ஏற்றுமதி. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் ஒரேயடியாக மூடப்பட்டபோது நொய்யலின் நிறத்தை ஊரே நின்று பார்த்தது. இதில் எந்த ஒன்றையும் தமிழ் சினிமா நின்று பார்த்ததாகத் தெரியவில்லை. கோவில்பட்டிப் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகளுக்காவது பூமணியே இயக்கிய ‘கருவேலம் பூக்கள்’ இருக்கிறது. பனியன் கம்பெனிப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், உலகத் திரைவிழா ஒன்றில் ஜெயித்த இயக்குநர் ஒருவரின் சிறுவயதே இந்த ஊர் வழியாகப் போயிருக்கிறது. ‘கூழாங்கல்’ எடுத்த பி.எஸ்.வினோத்ராஜ், இளம் வயதில் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்ததைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தப் படம் நாவலிலிருந்து வந்ததல்ல, அவர் குடும்பத்தில் நடந்ததிலிருந்து வந்தது. குடிகார அப்பனுக்குப் பின்னால் வெயிலில் நடக்கும் வேலு என்கிற சிறுவனை விட்டு கேமரா அநேகமாக விலகுவதே இல்லை. 2021-ல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது, அதே ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியாவின் பரிந்துரை. ஊர்க்காரர்கள் பார்த்தார்களா? படம் தியேட்டருக்கே வரவில்லை. 2023-ல் நேராக ஓடிடிக்குப் போனது. பெருமாள்முருகனின் ‘வறுகறி’ சிறுகதையிலிருந்து வந்த கொங்கு மண்ணின் படமான ‘சேத்துமான்’ படத்துக்கும் இதே கதிதான். இத்தனைக்கும் தமிழ்நாட்டுத் திரையரங்கத் தொழிலுக்காகப் பேசும் பிரபலமான குரல்களில் ஒன்று திருப்பூர் சுப்பிரமணியத்தினுடையது. படத்தை விற்கத் தெரிந்த ஊர், தன்னைப் பற்றிய படத்தை மட்டும் கேட்டு வாங்கவில்லை.

கம்பெனிக்காரர்களின் தயக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பையன், பனியன் கம்பெனி என்ற இரண்டு சொல்லை ஒன்றாகக் கேட்டாலே வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு ஆள் அனுப்புவான் என்கிற பயம் அவர்களுக்கு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட அடியும் மறந்திருக்காது. இந்த நேரத்தில் சினிமாவா என்று கேட்பார்கள். ஆனால் நாவலின் பையன்கள் இன்றைய பையன்கள் அல்ல. இன்று கம்பெனி வைத்திருக்கும் எத்தனையோ பேர் கைமடியாக நின்றவர்கள்தான், அதை மேடையில் பெருமையாகச் சொல்கிறவர்களும்தான். மேடையில் சொல்லலாம், திரையில் கூடாது என்பது என்ன கணக்கு?

பணத்துக்கு வழி தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். 1976-ல் குஜராத்தின் ஐந்து லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டு, ஷியாம் பெனகலை வைத்து ‘மந்தன்’ எடுத்தார்கள். தங்கள் தொழிலைப் பற்றிய படம், தங்கள் காசில். எடுத்ததோடு நிற்காமல் லாரி பிடித்து வந்து பார்த்தார்கள். புதுப்பிக்கப்பட்ட அதே படம் 2024-ல் கான் விழாவில் திரையிடப்பட்டது. ஆண்டுக்கு ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்கிற ஊருக்கு ஒரு சின்னப் படத்தின் செலவு, காதர்பேட்டையில் செகண்ட்ஸ் விற்றால் வருகிற காசு. கொஞ்சம் மிகைதான், ஆனாலும் ரொம்ப மிகை இல்லை.

பணம் போடுகிறவர்கள் கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்களா என்பதுதான் உண்மையான பயம். வேலைநிறுத்தக் காட்சியைக் கொஞ்சம் சுருக்குங்கள் என்பார் ஒருவர். ஆற்றைக் காட்டாதீர்கள் என்பார் இன்னொருவர். அந்த இடத்தில் விட்டுக்கொடுத்தால் ‘அசுரன்’ பையனுக்கு நடந்ததுதான் இந்த ஐந்து பேருக்கும் நடக்கும், இம்முறை நட்சத்திரம் இல்லாமலேயே.

நாவல் ஐந்து பையன்களின் கதை. நூல் மில் ஹாஸ்டல்களில் மூன்று வருஷ ஒப்பந்தத்தில், கல்யாணத்துக்குத் தொகை தருகிறோம் என்று சொல்லி அழைத்து வரப்பட்ட பெண் பிள்ளைகளின் கதை வேறு. அதற்கு இன்னொரு நாவலும் இன்னொரு படமும் வேண்டும். இன்றைக்குக் கம்பெனி வாசலில் ‘சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் டெய்லர் தேவை’ என்ற போர்டை இந்தியில் எழுதி வைத்தால் வந்து நிற்கிற ஒடிசா, பீகார் பையன்களின் கதை இன்னும் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. முதலில் எழுதி முடித்ததை எடுக்கட்டும்.

எடுத்தால், முதல் காட்சியைத் திருப்பூரிலேயே போட வேண்டும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலையில். சனிக்கிழமை இரவு யாரும் வர மாட்டார்கள். ஒன்றரை ஷிப்டு முடிந்து சம்பளக் கவர் கைக்கு வரவே மணி ஒன்பதாகிவிடும், அதற்கப்புறம் ஊரே கடைவீதியில் நிற்கும்.