இயந்திரத்தின் மேல் பழி போடும் எஜமானர்கள்!

“கணக்குப் புத்தகத்தைக் கறையான் அரித்துவிட்டது” என்றார் அந்தக் காலத்துப் பண்ணையார். “ரிஜிஸ்தர் மழையில் நனைந்து போயிற்று” என்றார் மில் மானேஜர். இன்று கறையானுக்கும் மழைக்கும் வேலையில்லாமல் போய்விட்டது. “ஹார்டு டிஸ்க் கெட்டுவிட்டது, அதிலிருந்த ஈ-மெயில் எல்லாம் போய்விட்டன” என்று ஒரே மூச்சில் காரியத்தை முடித்துவிடுகிறார்கள். கறையானையாவது கண்ணால் பார்க்கலாம். இந்தப் பெட்டிக்குள் நடந்தது என்னவென்று பாமரனுக்கு எங்கே தெரியப் போகிறது? அந்தத் தைரியத்தில்தான் இந்தச் சாக்கு உலகெங்கும் ஊர்வலம் போகிறது.

தோழர்களே! பெட்டியைத் திறந்து பார்ப்போம். உள்ளே மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

ஹார்டு டிஸ்க் என்பது காந்தப் பூச்சுப் பூசிய வட்டத் தட்டு. நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றும். தலைமயிரின் கனத்தை விடக் குறைவான இடைவெளி விட்டு, அதன் மேல் ஒரு முனை பறந்துகொண்டே எழுதுகிறது, படிக்கிறது. அதிர்ச்சியாலோ தேய்மானத்தாலோ முனை தட்டில் உரசினால் கீறல் விழும். கீறல் விழுந்த இடத்திலுள்ள எழுத்துப் போகும். ஆனால் ஒரு கீறலில் தட்டு முழுவதும் போய்விடுவதில்லை.

ஈ-மெயில் கட்டு என்பது பல ஆயிரம் கடிதங்களை ஒரே கோப்பாகக் கட்டிய மூட்டை. எந்தக் கடிதம் எங்கே இருக்கிறது என்று சொல்ல அதற்குள் ஓர் அட்டவணை உண்டு. அட்டவணை சிதைந்தால் “கோப்பு கெட்டுவிட்டது” என்று கம்ப்யூட்டர் கையை விரிக்கும். அட்டவணை கிழிந்ததால் பக்கங்கள் எரிந்து போயினவா? இல்லை! ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் அனுப்பியவர், பெறுபவர், தேதி என்று அடையாளம் இருக்கிறது. அந்த அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு கடிதங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சுழலும் தட்டில் “அழித்துவிட்டேன்” என்பதற்கும் பெரும்பாலும் அர்த்தம், அட்டவணையில் பெயரை அடித்தேன் என்பதுதான். அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை பழைய எழுத்து அங்கேயே கிடக்கும்.

நோய் கண்ட டிஸ்க்குக்கு வைத்தியம் உண்டு. ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்த வேண்டும். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கக் கூடாது. முதலில் தட்டு முழுவதையும் வேறொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுக்க வேண்டும். நல்ல பகுதியை முன்னால் எடுத்து, முரண்டு பிடிக்கும் பகுதியைத் தாண்டிப் போய், பிற்பாடு அதற்குத் திரும்பி வர வேண்டும். சிகிச்சை எல்லாம் பிரதியின் மேல்தான். மூலத்தைத் தொடக் கூடாது. முனையே உடைந்திருந்தால், தூசி நுழையாத அறையில் வைத்துத் தேர்ந்த கைகள் அதை மாற்ற வேண்டும். மில்லில் தறி நின்றால் ஃபிட்டரைக் கூப்பிடுகிறோம். அன்றைக்கே தறியை உடைத்து அடுப்பில் போடுவதில்லை. இதுவும் அப்படித்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. கடிதத்துக்கு இரண்டு முனை உண்டு. அனுப்பியவனிடம் போனால் பெற்றவனிடம் இருக்கும். இருவரிடமும் போனால் நடுவிலுள்ள சர்வரில் இருக்கும். அங்கும் போனால் மாற்றுப் பிரதி எடுத்த டேப்பில் இருக்கும். இத்தனை வாசலையும் தட்டிப் பார்த்த பிறகுதான் ஒருவன் “போய்விட்டது” என்று சொல்ல யோக்கியதை உள்ளவன் ஆகிறான்.

வெள்ளை மாளிகையின் லட்சணம்

உலகத்துக்கே ஜனநாயகம் போதிக்கும் அமெரிக்க சர்க்காரில் நடந்ததைக் கேளுங்கள்.

1986 நவம்பர். ரீகன் ஜனாதிபதி. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தில் ஒரு பகுதியை நிகரகுவா சர்க்காரைக் கவிழ்க்கச் சண்டையிட்ட ‘கான்ட்ரா’ படைக்கு அனுப்பிய விவகாரம் சந்தி சிரித்தது. கான்ட்ராக்களுக்கு ராணுவ உதவி கூடாதென்று அவர்களுடைய காங்கிரஸ் சபையே 1984-ல் தடை போட்டிருந்தது! விசாரணை வருகிறது என்றதும் பாதுகாப்பு ஆலோசகர் பாயிண்டெக்ஸ்டரும் அவர் கீழிருந்த ஆலிவர் நார்த்தும் 5000-க்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர் கடிதங்களை அழித்தார்கள். காரியம் முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டார்கள். ஆனால் வாடிக்கையாக எடுத்து வைத்திருந்த டேப்புகளிலிருந்து கடிதங்கள் எழுந்து வந்தன. விசாரணைக் கமிஷன் முன் சாட்சி சொல்லின. இருவருக்கும் கோர்ட்டில் தண்டனை கிடைத்தது. பிறகு அப்பீலில் ரத்தாயிற்று என்பது வேறு கதை. தண்டனை ரத்தானாலும் கடிதங்கள் ரத்தாகவில்லை!

1989 ஜனவரி 19. ரீகன் பதவி இறங்குவதற்கு முந்திய நாள். அந்த டேப்புகளையும் துடைத்துவிட ஏற்பாடு. ஸ்காட் ஆம்ஸ்ட்ராங் என்ற பத்திரிகையாளரும் ‘நேஷனல் செக்யூரிட்டி ஆர்கைவ்’ என்ற ஆராய்ச்சி ஸ்தாபனமும் கோர்ட்டுக்கு ஓடித் தடை வாங்கினார்கள். சர்க்கார் தரப்பு வாதம் என்ன தெரியுமா? முக்கியமானதைக் காகிதத்தில் அச்சடித்து வைத்தால் போதுமாம்! 1993-ல் அப்பீல் கோர்ட்டு அதை ஏற்கவில்லை. யார் அனுப்பினார், யாருக்கு, எப்போது போய்ச் சேர்ந்தது என்பதெல்லாம் காகிதப் பிரதியில் விடுபட்டுப் போகலாம். ஆகவே மின்னணு வடிவமே ஆவணம் என்று தீர்ப்பாயிற்று.

பாடம் படித்தார்களா? ஜார்ஜ் புஷ் இளையவர் காலத்தில் ஈ-மெயில் ஏற்பாட்டை மாற்றினார்கள். பழைய தானியங்கிச் சேமிப்பு போயிற்று. கடிதங்களைக் கையால் எடுத்துக் கோப்பு கோப்பாகக் கட்டி வைக்கும் முறை வந்தது. அது மிகப் பழமையான முறை, கடிதம் தொலையும் அபாயம் உள்ள முறை என்று அங்கே வேலை பார்த்த தொழில்நுட்ப அதிகாரியே பிற்பாடு காங்கிரஸ் கமிட்டியிடம் சொன்னார். அதோடு, 2003 அக்டோபர் வரை பேக்கப் டேப்புகளின் மேலேயே மறுபடி எழுதினார்கள். அந்த வருஷம் மார்ச்சில்தான் இராக் மீது படையெடுப்பு! 2005-ல் வெள்ளை மாளிகைக்குள்ளேயே எடுத்த கணக்குப்படி, ஏதாவது ஒரு பிரிவிலேனும் ஒரு கடிதம்கூட இல்லாத நாட்கள் 473. யுத்தம் நடத்திய ஆபீசில் நாள் முழுக்க யாரும் ஒரு கடிதம் எழுதவில்லையாம்! காது குத்தியவனுக்கே காது குத்துகிறார்கள்.

மறுபடியும் வழக்கு. 2009 டிசம்பரில் சமரசம். தவறாகப் பெயரிட்டு மூலையில் கிடந்த 2 கோடியே 20 லட்சம் கடிதங்கள் கண்டெடுக்கப்பட்டன. மேலும் 94 நாட்களின் கடிதங்களை டேப்பிலிருந்து மீட்கச் சர்க்கார் ஒப்புக்கொண்டது. தேட மனம் வந்ததும் கிடைத்ததே, எப்படி?

மூன்றாவது கதை வரி இலாகாவுடையது. 2011 ஜூனில் ஓர் உயர் அதிகாரியின் ஹார்டு டிஸ்க் உடைந்தது. இலாகா ஆட்கள் முயன்று பார்த்து முடியவில்லை என்றார்கள், டிஸ்க்கை அழித்தும்விட்டார்கள். வலதுசாரிக் கூட்டங்களின் வரிவிலக்கு மனுக்களை அந்த இலாகா இழுத்தடித்தது பற்றி விசாரணை எழுந்தபோது, 2014-ல், “டிஸ்க் போயிற்று, கடிதமும் போயிற்று” என்றார்கள். அந்தக் கூட்டங்களுக்கும் நமக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் நியாயம் எல்லோருக்கும் ஒன்றுதான். மேற்பார்வை அதிகாரிகள் டேப் வைத்திருக்கும் கிடங்குக்கே போனார்கள். “டேப்பைக் கேட்டு இதுவரை யாரும் வரவில்லையே!” என்றார்கள் அங்கிருந்தவர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் கிடைத்தன. அதற்கு முன்பே, 2014 மார்ச்சில், அழிக்கக் கூடாதென்ற உத்தரவு அமலில் இருக்கும்போதே, 422 டேப்புகள் துடைக்கப்பட்டிருந்தன. வேண்டுமென்று செய்ததற்குச் சான்றில்லை என்றது விசாரணை. சரி, வேண்டாமல்தான் நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். உத்தரவு ஒரு பக்கம், கை ஒரு பக்கம் என்றால் அந்த உத்தரவு யாரை ஏமாற்ற?

“இயந்திரம் கெடாதா?” என்பார்கள்

கெடும். யார் இல்லை என்றது? ஓடுகிற எந்த டிஸ்க்கும் ஒரு நாள் நிற்கும். தட்டே இல்லாத புதுவகை டிஸ்க்கில் அழித்தது வெகு சீக்கிரம் அடியோடு போய்விடுவதும் உண்டு. கெடும் என்று தெரிந்த இயந்திரத்தை நம்பி ஊரார் ஆவணத்தை ஒரே இடத்தில் வைத்தவன் நிரபராதியா? விதை நெல்லை ஒரே குதிரில் கொட்டிவிட்டு எலியின் மேல் வழக்குப் போடுகிறவனை ஊர் என்ன சொல்லும்?

இதில் இன்னொரு வேடிக்கையைக் கவனியுங்கள். தறி உடைந்தால் தொழிலாளிக்கு மெமோ. டிஸ்க் உடைந்தால் இயந்திரத்துக்கு மெமோ! தொழிலாளி “தெரியாமல் நடந்தது” என்றால் கேட்பாரில்லை. எஜமானன் சொன்னால் அதற்குத் தொழில்நுட்பக் கோளாறு என்று பெயர்.

நமக்கு இதில் என்ன?

நமக்குத்தான் எல்லாம். 2017-ல் மத்திய சர்க்கார் விதி கொண்டுவந்து, பல தொழிலாளர் சட்டங்களின் கீழுள்ள பதிவேடுகளை மின்னணு முறையில் வைக்கலாம் என்று அனுமதித்துவிட்டது. கூலி, ஆஜர், ஓவர்டைம், பிடித்தம் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போகின்றன. நாளைக்குப் பாக்கி கேட்டு லேபர் ஆபீசுக்குப் போகும்போது “டிஸ்க் கெட்டுவிட்டது” என்ற பதில் நம்மையும் எதிர்கொள்ளும். அப்போது தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வரக் கூடாது. நாம் கேட்க வேண்டியவை இவை:

கெட்ட டிஸ்க் எங்கே? அதை எங்கள் கண்ணில் காட்டு. விசாரணை முடியும் வரை யாரும் அதை ஓட்டவோ, உடைக்கவோ, காயலான் கடைக்கு எடைக்குப் போடவோ கூடாது.

மாற்றுப் பிரதி எப்போது எடுத்தாய்? எங்கே வைத்தாய்? எடுக்கவில்லை என்றால் அந்தக் குற்றம் உன்னுடையது. நஷ்டத்தை எங்கள் கூலியில் ஏற்றாதே.

மறுமுனையில் தேடினாயா? பாங்கியில், பி.எப். ஆபீசில், கணக்கு அனுப்பிய தலைமை ஆபீசில் கேட்டாயா?

அதோடு நம் கையிலும் ஒரு முனை இருக்கட்டும். சம்பளச் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். வேலை செய்த நாட்களை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். செல்போனில் வந்த செய்தியை அழிக்காதீர்கள். சங்க ஆபீசில் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். வெள்ளை மாளிகையின் கடிதங்களை வெளியே இழுத்தவர்கள் மந்திரவாதிகள் அல்ல, விடாமல் கேட்டவர்கள். ஒரு வழக்கில் நான்கு வருஷத்துக்கும் மேல் நின்றார்கள்.

டிஸ்க் கெடட்டும். கேள்வி கேட்கும் பழக்கம் நம்மிடம் கெடாதிருக்கும் வரை எந்த எஜமானனும் கணக்கைத் தின்று ஏப்பம் விட முடியாது!