மஞ்சக்கரு என்ன பாவம் செய்தது?

‘ஹெல்தி’ என்று சொல்லி யாராவது ஒரு தட்டை நீட்டினால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. சாப்பிடுவதற்கு முன்பே. அந்த வார்த்தை ஒட்டிய தட்டில் ஏதோ ஒன்று காணாமல் போயிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் ருசி. சில சமயம் சாப்பாடே.

இந்த வாரம் அப்படி ஒரு தட்டைப் பற்றித்தான் சண்டை. அதில் இருந்த பண்டத்தின் பெயர் கீஷ். ‘இதெல்லாம் நம்ம வீட்ல யாரு சார் செய்யறாங்க’ என்று பக்கத்தைத் திருப்பாதீர்கள். புதுச்சேரியில் செய்கிறார்கள். இப்போது வீட்டுக்கு வீடு அவன் வந்துவிட்டதால் சென்னையிலும் கோவையிலும்கூடச் செய்கிறார்கள். செய்யாதவர்கள் வீட்டில் ஓட்ஸ் உப்புமா இருக்கும். வழக்கு ஒன்றுதான்.

கீஷ் என்பது லொரேன் சாப்பாடு. பிரான்ஸின் வடகிழக்கு மூலை, ஜெர்மனியை ஒட்டினாற்போல. பெயரே ஜெர்மன் மொழியில் கேக்கைக் குறிக்கும் வார்த்தையிலிருந்து வந்ததுதான். மைதாவையும் வெண்ணெயையும் பிசைந்து தட்டில் ஓடு மாதிரி பரப்பி, அதற்குள் முட்டையும் க்ரீமும் அடித்து ஊற்றி, உப்பிட்ட பன்றி இறைச்சித் துண்டுகளைப் போட்டு அவனில் வேகவைப்பார்கள். அசல் லொரேன் கீஷில் சீஸ் கிடையாது. காய்கறியும் கிடையாது. அதெல்லாம் பின்னால் சேர்ந்தது. சொல்லப்போனால் ஆதியில் அந்த வெண்ணெய் ஓடுகூடக் கிடையாது, ரொட்டி மாவுதான். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வழக்குக்கு உதவும்.

என் அத்தை புதுச்சேரியில் இருக்கிறார். வயது 78. மாமா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். ‘சொல்தா’ என்பார்கள் அந்த ஊரில். பதினோரு வருஷம் லொரேனில் மெட்ஸ் நகரத்தில் குடித்தனம். பக்கத்து வீட்டு அம்மாவிடம் அத்தை கீஷ் கற்றுக்கொண்டார். பதிலுக்கு அந்த அம்மா ரசம் கற்றுக்கொண்டாளாம். திரும்பி வந்தபிறகும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அந்த வீட்டில் கீஷ்தான்.

அத்தைக்குப் பதினைந்து வருஷமாக சர்க்கரை. மாமா போனபிறகு அடுப்படி மருமகள் கைக்கு வந்தது. அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன். பெற்ற தாயைவிட மேலாகப் பார்த்துக்கொள்கிறாள். கீஷையும் விட்டுவிடவில்லை. ‘ஹெல்தி’ ஆக்கினாள். நாலு முட்டையில் மஞ்சக்கருவை எடுத்துக் கீழே கொட்டிவிட்டு வெள்ளை மட்டும். க்ரீமுக்குப் பதில் கொழுப்பு நீக்கிய பால். கொழுப்பு குறைத்த சீஸ். ஓட்டுக்கு மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு, வெண்ணெய்க்குப் பதில் மார்ஜரின்.

நான் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். ஈரமான தெர்மாகோல்.

போன வருஷம் ஆடி மாசம் ஒரு ராத்திரி அத்தை அதைத் தட்டில் வாங்கிவைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் பூனைக்குப் போட்டுவிட்டு, மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். சாப்பிடாமல் போட்டால் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடும் வகை மாத்திரை. விடியற்காலை நாலரைக்கு ஜில்லென்று வேர்த்து, பேச்சு குழறி, மகனை அடையாளம் தெரியாமல்... ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறினபிறகுதான் ஆள் திரும்பி வந்தார்.

டாக்டர் கேட்டார்: ‘‘ராத்திரி என்னம்மா சாப்பிட்டீங்க?’’

‘‘ஒண்ணும் சாப்பிடல.’’

மருமகள் பதறிவிட்டாள். ‘‘ஐயோ, கீஷ் குடுத்தேனே அத்தை!’’

‘‘குடுத்தே. அது சாப்பாடு இல்லம்மா.’’

அன்று மத்தியானம் வீட்டுக்குப் போனபோது மருமகள் ஒரு ஃபைலை எடுத்துவந்தாள். பத்திரிகைகளிலிருந்து வெட்டி ஒட்டிய குறிப்புகள். ‘இதயத்துக்கு இதமான’, ‘குற்ற உணர்ச்சி இல்லாத’, ‘கொழுப்பில்லாக் கொண்டாட்டம்’. நாலாவது பக்கத்தில் மஞ்சக்கரு நீக்கிய ஆம்லெட்டுக்கு ஒரு குறிப்பு. எப்போதோ ஒரு இணைப்பிதழுக்காக அவசரத்தில் எழுதியது. கீழே என் பெயர்.

ஆகவே இந்தச் சண்டையில் நானும் ஒரு குற்றவாளி. அப்ரூவராக மாறிவிட்டேன், அவ்வளவுதான்.

*

கணக்குப் போடலாம். பேப்பரும் பென்சிலும் போதும்.

ஆறு பேர் சாப்பிடும் ஒரு வழக்கமான கீஷ். ஓட்டுக்கு 250 கிராம் மாவு, 125 கிராம் வெண்ணெய். வெண்ணெயில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் கொழுப்பு. ஆக ஓட்டில் மட்டும் சுமார் 100 கிராம் கொழுப்பு. உள்ளே 30 சதவீதக் க்ரீம் 200 மில்லி: அறுபது கிராம். நாலு முட்டை, ஒன்றுக்கு ஐந்து கிராம் வீதம்: இருபது. கறியும் சீஸும் தனி.

இப்போது நம் மருமகளின் சிக்கனத்தைப் பாருங்கள். இருபது கிராம் முட்டைக் கொழுப்பை ஓட ஓட விரட்டினாள். க்ரீமை எடுத்தாள், அது நியாயம். நூறு கிராம் கொழுப்பு உட்கார்ந்திருக்கும் ஓட்டை அப்படியே விட்டுவிட்டாள். மார்ஜரின் போட்டால் குறையாதா? குறையாது. மார்ஜரினிலும் ஏறத்தாழ அதே 80 சதவீதம்தான். பெயர்தான் மெலிந்தது. அது போக, ஓட்டு மாவில் துண்டுக்குச் சுமார் முப்பது கிராம் மாவுச்சத்து. ரெண்டு மூணு இட்லிக்குச் சமம். சர்க்கரைக்காரருக்கு நாம் ஓட்டைக் கொடுத்துவிட்டு முட்டையைப் பிடுங்கிக்கொண்டோம்! வீட்டில் திருடன் கூடத்தில் உட்கார்ந்து காபி குடிக்கிறான், நாம் பால்காரனை உதைத்துக்கொண்டிருக்கிறோம்.

பிடுங்கினது என்ன தெரியுமா? மஞ்சக்கருவில்தான் ஏ வைட்டமின், டி வைட்டமின், பி12-ல் பெரும்பகுதி, இரும்பு எல்லாம் இருக்கிறது. புரதத்திலேகூட ஐந்தில் இரண்டு பங்கு அதில்தான். எழுபத்தெட்டு வயசில் கைகால் சதை கரைந்துகொண்டிருக்கும் ஒரு மனுஷிக்கு இதைக் கொடுக்கக்கூடாது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

சொல்லிக்கொடுத்தார்கள். 1968-ல் அமெரிக்க இதய சங்கம், வாரத்துக்கு மூன்று மஞ்சக்கருவுக்கு மேல் கூடாது, ஒரு நாளைக்குக் கொலஸ்ட்ரால் 300 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்றது. உலகம் முழுக்க முட்டையை இரண்டாகப் பிரிக்க ஆரம்பித்தார்கள். 2015-ஆம் ஆண்டுக்கான அமெரிக்க உணவு வழிகாட்டி அந்த 300 மில்லிகிராம் கணக்கைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டது. சாப்பாட்டில் இருக்கும் கொலஸ்ட்ரால் அப்படியே ரத்தத்தில் போய் ஏறிக்கொள்வதில்லை, பெரும்பாலானவர்களுக்கு உடம்பே தன் உற்பத்தியைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கிறது என்பதுதான் காரணம். நாற்பத்தேழு வருஷம்! எத்தனை மஞ்சக்கரு சாக்கடைக்குப் போயிருக்கும்.

மார்ஜரின் கதை இதைவிட மோசம். வெண்ணெய் விஷம், மார்ஜரின் மருந்து என்றார்கள். பிறகு பார்த்தால், எண்ணெயைக் கட்டியாக்கும் அந்த ஹைட்ரஜன் வித்தையில் பிறக்கும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்கு வெண்ணெயைவிடக் கெடுதல். 2015-ல் அமெரிக்கா அந்த எண்ணெய்களுக்கு வாசலைக் காட்டியது. நம் நாட்டில் 2022 ஜனவரி முதல் எண்ணெய், வனஸ்பதி, மார்ஜரின் வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. நல்லது. ஆனால் அதுவரை அதை ‘ஹெல்தி’ என்று தின்றவர்களிடம் யார் மன்னிப்புக் கேட்டார்கள்?

உடனே கடிதம் எழுத உட்காராதீர்கள். வெண்ணெயை அள்ளி அள்ளிச் சாப்பிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வெண்ணெய், க்ரீமில் இருக்கும் பூரிதக் கொழுப்புக்கு இன்றைக்கும் வரம்பு உண்டு, அந்த வரம்பு நியாயமானதும்கூட. சர்க்கரையோ இதய நோயோ இருப்பவர்களுக்கு எத்தனை முட்டை என்பதை அவரவர் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அத்தையின் டாக்டர் தினம் ஒன்று என்றார். உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். நான் கேட்பது ஒன்றே ஒன்று: குறைப்பதானால், எது அதிகமோ அதைக் குறையுங்கள். எது பயமுறுத்துகிறதோ அதை அல்ல.

லேபிளை நம்பியும் பிரயோஜனமில்லை. ஐரோப்பாவில் ஒரு பண்டத்தின் மேல் ‘லைட்’ என்று போட, அதே ரகப் பண்டத்தைவிட 30 சதவீதம் குறைந்திருந்தால் போதும். நூற்றுக்கு 80 கொழுப்பு இருந்ததை 56 ஆக்கினால் ‘லைட்’. நம்மூர் விதி இன்னும் வேடிக்கை. பொதுவாக ஒரு பண்டத்தை ‘குறைந்த கொழுப்பு’ என்று விளம்பரம் செய்ய, நூறு கிராமில் கொழுப்பு 3 கிராமைத் தாண்டக்கூடாது. ஆனால் க்ரீம் என்று வந்துவிட்டால், குறைந்தது 25 சதவீதம் கொழுப்பு இருப்பதற்குச் சட்டப்படியான பெயரே ‘குறைந்த கொழுப்புக் க்ரீம்’! மற்ற ரகங்கள் நாற்பதும் அறுபதும் என்பதால் இது ஒல்லியாம். யானைக் கூட்டத்தில் குட்டி யானை ஒல்லிதான்.

*

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தையே அடுப்படிக்குப் போனார். முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு உத்தரவு. மருமகள் கை, அத்தை வாய்.

‘‘மாவை எடுத்துட்டாப் போச்சு. அங்கேயே பாதி வீட்ல ஓடு இல்லாமதான் செய்வாங்க.’’

உண்மைதான். ஓடில்லாத கீஷ் என்றே பிரெஞ்சுக்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். வாரநாள் ராத்திரிகளில் அதுதான் அவர்கள் வீட்டுச் சாப்பாடு.

முக்கால் கிலோ காய். அன்று இருந்தது பாலக்கீரை, காளான், வெங்காயத்தாள், கொஞ்சம் பரங்கிக்காய். அத்தை இதில்தான் அரைமணி நேரம் செலவழித்தார், நானும் இதைத்தான் அழுத்திச் சொல்வேன். வீட்டுக் கீஷ் வீணாய்ப்போவது தண்ணீரால். கீரையிலும் காளானிலும் பெரும்பகுதி தண்ணீர். பச்சையாகப் போட்டால் அவ்வளவும் வேகும்போது இறங்கி முட்டை தயிராகத் திரிந்துவிடும். அதனால் இரண்டு ஸ்பூன் எண்ணெயில், உப்புப் போட்டு, மூடாமல், பெரிய தீயில், வாணலி காயும் வரை வதக்க வேண்டும். கீரையைத் தனியாக வதக்கி, ஆறவிட்டு, துணியில் முறுக்கிப் பிழிய வேண்டும். பிழிந்த பச்சைத் தண்ணீரை மருமகள் ரசத்துக்கு எடுத்துவைத்தாள்.

பிறகு நாலு முழு முட்டை. மஞ்சளோடு. கால் லிட்டர் கெட்டிப் பால், அந்த 6 சதவீதப் பாக்கெட் பால். க்ரீம் வேண்டாம். கொழுப்பு நீக்கிய பாலும் வேண்டாம். கொழுப்பே இல்லாவிட்டால் முட்டை ரப்பராக இறுகித் தண்ணீர் விடும். தெர்மாகோலின் பிறப்பு ரகசியம் அதுதான். நுரை வராமல் கலக்கி, மிளகுத்தூள், கொஞ்சம் ஜாதிக்காய் சுரண்டிப் போட்டு, மேலே நாற்பது கிராம் சீஸ் துருவல். ‘‘லொரேன்காரி பார்த்தா அடிப்பா’’ என்றார் அத்தை. சீஸைச் சொல்கிறார்.

எண்ணெய் தடவிய கண்ணாடிப் பாத்திரம், 180 டிகிரி, முப்பத்தைந்து நிமிஷம். நடு லேசாக ஆடும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். பாத்திரத்துச் சூட்டில் மீதி தானே வெந்துகொள்ளும். கல் மாதிரி இறுகும்வரை வைத்தால் எவ்வளவு கொழுப்பு ஊற்றினாலும் காப்பாற்ற முடியாது. கால் மணி நேரம் ஆறவிட்டு வெட்டவேண்டும். அவன் இல்லையா? இட்லிப்பானையில் மூடிபோட்டுச் சின்னத் தீயில் வையுங்கள். மேலே சிவக்காது, மற்றபடி குறையில்லை.

இதில் கொழுப்பு மொத்தமே ஐம்பத்தைந்து கிராம் சுமார். துண்டுக்கு ஒன்பது. கறியும் சீஸும் சேர்க்காமலே பழைய கீஷில் துண்டுக்கு முப்பது. மாவுச்சத்து, காயிலும் பாலிலும் இருப்பதுதான். ஒரு டப்பாவிலும் ‘லைட்’ என்று எழுதவில்லை, கடையில் ஒரு ரூபாய் அதிகம் கொடுக்கவில்லை. பக்கத்தில் ஒரு ரொட்டித் துண்டு, டாக்டர் சொன்ன அளவில். மாத்திரைக்குத் துணை வேண்டுமே.

அந்த ஃபைல் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறது. என் ஆம்லெட் பக்கத்தை மட்டும் கேட்டு வாங்கிக் கிழித்துவிட்டேன். மருமகள் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு ‘‘அச்சச்சோ, இதுல வடகம் குறிப்பு இருந்துச்சே’’ என்று வருத்தப்பட்டாள்.

போன மாதம் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. அத்தை முதல் துண்டைச் சாப்பிட்டுவிட்டு, ‘‘ஜாதிக்காய் பத்தல’’ என்று மருமகளிடம் குறை சொன்னார். சொல்லிவிட்டு இரண்டாவது துண்டுக்குத் தட்டை நீட்டினார். பூனை வாசலில் காத்துக்கொண்டிருந்தது. அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.