சென்றவர் துன்பத்தைச் செல்வோர்க்கு மறைப்பதேன்?

கடல் கடந்து வாழ்வு தேடுவது தெல்லிப்பழைக்குப் புதியதன்று. 1816ஆம் ஆண்டு அமெரிக்க மிசனரிமார் இவ்வூரிற் பணி தொடங்கியதன் பின்னர் ஆங்கிலக் கல்வி இப்பகுதியில் வேரூன்றிற்று. அக்கல்வியின் பயனாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் மலாயா சென்று, புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராய் அமர்ந்தனர். ஆட்சியாளரின் மொழியை அறிந்து சென்றமையாலும், கற்ற கல்விக்கு அங்கு மதிப்பிருந்தமையாலும் அவர்கள் ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பிக் கல்வீடு கட்டினர்.

1983 ஆடிக் கலவரத்தின் பின் சென்றவர்களின் கதை வேறு. அவர்கள் உத்தியோகம் தேடிச் சென்றவர்கள் அல்லர். உயிர் தப்பச் சென்றவர்கள். ஆயினும், ‘வெளிநாடு’ என்றதும் நம்மவர் மனக்கண்ணில் இன்றும் தோன்றுவது அந்த மலாயாக் கல்வீடே. இந்த மயக்கத்தையே நாம் இங்கு ஆராய விரும்புகின்றோம்.

அந்நிய நாட்டில் ஒருவனது அன்றாட வாழ்வு எத்தகையது? முதலிற் பறிபோவது அவனது பெயர். நமக்குக் குடும்பப் பெயர் என்றொன்றில்லை. தந்தையின் பெயரையே முன்னால் இடுகின்றோம். ஆங்குள்ள படிவமோ குடும்பப் பெயர் கேட்கின்றது. தந்தை பெயரை அவ்விடத்தில் எழுதியவனை வைத்தியசாலையிலும் கந்தோரிலும் தந்தையின் பெயர் சொல்லியே அழைக்கின்றனர். கணவனுக்கு ஒரு குடும்பப் பெயர், மனைவிக்கு வேறொன்று. இருவரும் ஒரு குடும்பந்தானா என்ற கேள்விக்கும் அவன் விடை கூறவேண்டும்.

அடுத்தது மொழி. சூரிச் நகரில் வாழ்பவன் வகுப்பிற் கற்பது ஏட்டு ஜேர்மன் மொழி. தெருவிற் கேட்பதோ சுவிஸ் பேச்சுவழக்கு. செந்தமிழ் மட்டும் கற்ற அந்நியன் ஒருவன் நமது சந்தைக்கு வந்தால் எவ்வாறு திகைப்பானோ, அவ்வாறே இவனும் திகைக்கின்றான். நோர்வேயின் வடகோடியில் மீன் பதனிடும் தொழிற்சாலைகளுக்குச் சென்ற நம்மவர், மாரியிற் பல வாரங்கள் சூரியனையே காணாது உழைத்தனர். இலங்கையிற் பட்டம் பெற்ற வைத்தியரும் கனடாவில் மீண்டும் பரீட்சை எழுதி அநுமதி பெற்றாலன்றித் தொழில் புரிதல் இயலாது.

இவற்றைத் தனித்தனியே நோக்கின் சிறு தொல்லைகளே. நாள்தோறும் சேருங்கால் அவை மனிதனின் நெஞ்சுரத்தை அரித்துவிடுகின்றன. எனினும் அவன் இவற்றை வீட்டிற்கு உரைப்பதில்லை. தெல்லிப்பழையிற் காலை ஆறு மணியாகும்போது தொறொன்ரோவில் முதல்நாள் இரவு. வேலை முடிந்து களைத்திருப்பவன் தொலைபேசியில், “சுகமாயிருக்கிறேன்” என்ற ஒரு சொல்லுடன் நிறுத்திக்கொள்கின்றான். சம்பளத்தைச் சொல்வான், வீட்டு வாடகையையும் வரியையும் சொல்லான். பெற்றோரும் அயலார்முன் தலைகுனியலாகாது என்றெண்ணி மகனின் சங்கடத்தை மறைக்கின்றனர்.

இம்மௌனத்தின் விலையைச் செலுத்துவது யார்? அடுத்துப் புறப்படும் இளைஞனே. அவனுடன் நமது நிலமும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியால் மனமுடைந்து, கனடாவை அடையலாமென நம்பிக் கப்பலேறிய முந்நூறுக்கு மேற்பட்ட இலங்கையர் அவ்வாண்டு நவம்பரில் வியட்நாமுக்கு அப்பாலுள்ள கடலில் மீட்கப்பட்டதை நாம் மறக்கலாமா? 1990இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் தம் காணிகளைப் பல்லாண்டு போராடியே பகுதி பகுதியாகப் பெற்றனர். எஞ்சிய காணிக்காக இன்றும் குரல் எழுப்புகின்றனர். அவ்வாறு மீண்ட செம்மண் தோட்டத்தின் உறுதியை ஈடுவைத்து, முகவனின் கையிற் பணத்தைக் கொடுப்பது எவ்வகையில் விவேகமாகும்?

“வெளிநாட்டுப் பணமன்றோ சிதைந்த வீடுகளையும் கோவில்களையும் மீளக் கட்டியது?” என்று சிலர் வினவலாம். உண்மையே, அவ்வுதவியை நன்றியுடன் போற்றுகின்றோம். போகற்க என்று நாம் எவரையும் தடுக்கவுமில்லை. இந்நாட்டில் நம் இளைஞர்க்கு நிம்மதியும் தொழிலும் கிடைக்காதவரை அவர்கள் வெளியே நோக்குவர். அறிந்து செல்க என்பதே நமது வேண்டுகோள்.

திருவிழாக் காலங்களில் ஊர் வரும் அன்பர்கள், பழைய மாணவர் சங்கங்களின் மேடைகளில் நன்கொடைத் தொகையை மட்டும் கூறாது, தாம் பட்ட பாட்டையும் மாணவர்க்கு எடுத்துரைக்கட்டும். கல்லூரிகள் பிறமொழிப் பயிற்சிக்கும் கைத்தொழிற் சான்றிதழுக்கும் வழிசெய்யட்டும். காணி உறுதியைக் கையில் எடுக்கும் தந்தை மூன்று வினாக்களுக்கு விடை தேடட்டும்: செல்லும் வழி சட்டத்துக்கு அமைந்ததா? மகனின் கல்வி அங்கே செல்லுமா? வேலை கிடைக்கும்வரை அவனைத் தாங்குவது யார்?

விடை தெரியுமுன் உறுதியைப் பெட்டகத்திலிருந்து எடுக்கவேண்டாம். தொலைபேசி மணி ஒலிக்கும்போது, எப்போது பணம் வரும் என்று கேட்பதற்கு முன், “இன்று என்ன உண்டாய், எத்தனை மணிநேரம் உறங்கினாய்?” என்று கேட்போம். அவன் உண்மை பேசத் துணிவது அப்போதுதான்.