எரிபொருள் பம்பும் வண்டி உரிமையாளர் கடமையும்

விரைந்து செல்லும் மோட்டார் கார் நடுவழியில் வலுவிழந்து நின்றுவிட்டால், பெட்ரோலில் தூசு என்றோ, வெயிலின் கொடுமை என்றோ கூறி அமைதி கொள்வது இந்நாட்டில் பலருக்கும் பழக்கமாகிவிட்டது. பழுது நீங்கியதும் அச்செய்தி பட்டறையோடு முடிந்துவிடுகிறது. இப்பழக்கம் கைவிடத் தக்கது. ஒரு வண்டியில் தோன்றிய குறை, அதே வகை உறுப்புப் பொருத்தப்பெற்ற பல்லாயிரம் வண்டிகளிலும் மறைந்திருக்கக்கூடும்.

பழைய கார்கள் பலவற்றில் எஞ்சினாலேயே இயக்கப்பெற்ற பம்பு, பெட்ரோலைக் கார்புரேட்டருக்கு அனுப்பி வந்தது. இக்காலப் பெட்ரோல் கார்களில் மின்சாரத்தால் இயங்கும் பம்பு தொட்டிக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. அதனுள் உள்ள சிறு சுழலி வேகமாகச் சுழன்று, வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 3 அல்லது 4 மடங்கு அழுத்தத்துடன் பெட்ரோலை எஞ்சினுக்கு உந்துகிறது. சுழலிக்கும் அதன் உறைக்கும் இடையேயுள்ள வெளி மிகக் குறுகியது. சுழலியின் பிளாஸ்டிக் போதிய அடர்த்தியின்றி வார்க்கப்பட்டிருந்தால், அது பெட்ரோலை உறிஞ்சி உப்பி உறையில் உரசும். இறுதியில் சுழற்சியே நின்றுபோகும். பம்பின் வெப்பத்தைத் தணிப்பது பெட்ரோலே ஆதலின், தொட்டியை அடிக்கடி வற்றவிட்டு ஓட்டுவதும் தீங்கு விளைப்பதாகும்.

பம்பு கெடுவதற்கு முன் அறிகுறிகள் தோன்றுவதுண்டு. தொட்டிப் பக்கம் வழக்கத்துக்கு மாறான இரைச்சல், எஞ்சினைத் தொடக்குவதில் தாமதம், மேட்டில் ஏறும்போது திணறல் ஆகியவை அவற்றுள் சில. எஞ்சின் ஓட்டத்தில் நின்றுவிட்டால் பிரேக்கிற்குத் துணை செய்யும் வெற்றிடம் சில முறை மிதிப்பதற்கே போதுமானது. எனவே விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே சீராக அழுத்தி, எச்சரிக்கை விளக்குகளை எரியவிட்டு, வண்டியைச் சாலையோரம் ஒதுக்குதல் வேண்டும். வண்டி நிற்குமுன் சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளக்கூடும்.

எனினும் ஓட்டுபவரின் திறமையை மட்டும் நம்பியிருப்பது போதாது. 2020 ஜூலையில் மாருதி சுசுகி நிறுவனம், எரிபொருள் பம்பில் குறை இருக்கக்கூடும் என்று கூறி 1,34,885 கார்களைத் திரும்ப அழைத்தது. 2021 ஏப்ரலில் ஹோண்டா நிறுவனம் இதே உறுப்பை மாற்றித்தர 77,954 கார்களை அழைத்தது. சுழலியில் குறை இருக்கலாம் என்பது அது கூறிய காரணம். இத்தகைய அறிவிப்பைக் கண்டு நிறுவனத்தை இழித்துரைப்பவர் உளர். அது முறையன்று. குறையை மறைப்பதே இழிவு. வெளிப்படக் கூறி, கட்டணமின்றித் திருத்தித் தருவது கடமையைச் செய்வதாகும்.

2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்துள்ளது. உரிமையாளர்கள் போதிய எண்ணிக்கையில் முறையிடுவது இவ்வாணைக்கு வழிகோலும் காரணங்களுள் ஒன்றாகும். பட்டறையோடு முடிந்துவிடும் செய்தி அந்த எண்ணிக்கையில் சேர்வதில்லை. இதுவே கருதத் தக்க முதற் குறை.

மற்றொரு குறையும் உண்டு. வண்டி கைமாறிய பின் முதல் உரிமையாளரின் முகவரிக்குச் செல்லும் கடிதத்தால், இரண்டாம் உரிமையாளருக்குப் பயனில்லை. வாங்கியவர் 30 நாட்களுக்குள் உரிமை மாற்றத்தைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். இதனை வெறும் சடங்காகக் கருதுவோர், தம்மைத் தேடி வரும் எச்சரிக்கைக்கும் கதவை அடைத்துக்கொள்கின்றனர். காப்பீட்டைப் புதுப்பிக்கும்போதும் உரிமை மாற்றும்போதும், சேசிஸ் எண்ணைத் திரும்ப அழைப்புப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை நாடெங்கும் கட்டாய வழக்கமாக்குதல் நலம் பயக்கும்.

இவ்வகையில் களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யக்கூடியது மிகுதி. அலுவலக வண்டி நின்ற நாள், ஓடிய தூரம், மாற்றிய உறுப்பு ஆகியவற்றை வண்டிப் பதிவேட்டில் குறித்து உரியவர்க்குத் தெரிவிப்பது களப்பணியாளர்க்கு எளிது. சேசிஸ் எண் யாது, அதனைப் பதிவுச் சான்றில் எங்கே காண்பது என்பதை ஆசிரியர் மாணவருக்குக் கற்பித்தால், அவ்வறிவு அன்று மாலையே பல வீடுகளைச் சென்றடையும்.