எலும்பில் எழுதப்பட்ட இயற்பியல்

தூரிகையின் முனை கூராக இருக்க வேண்டும். கூராக்க உதடே போதும் என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஆண்டு 1917. ஐரோப்பாவில் பெரும்போர் நடந்துகொண்டிருந்தது. இருளிலும் மணி பார்க்க வேண்டிய படைஞர்க்கென மணிப்பொறிகளின் முகப்பில் ஒளிரும் எண்களைத் தீட்டும் தொழிற்சாலை ஒன்று, அமெரிக்க நாட்டின் நியூ செர்சி மாநிலத்து ஆரஞ்சு நகரில் இயங்கத் தொடங்கியது. தீட்டியவர் இளம்பெண்கள், பள்ளியைவிட்டு நேரே வந்த சிறுமியரும் அவருள் இருந்தனர். தீட்டிய வண்ணத்தில் கலந்திருந்தது, உலகோர் இரேடியம் என்றழைக்கும் கதிரியம். எண்ணுக்கு எண் தூரிகையை உதட்டிடை வைத்துக் கூராக்கினர், வண்ணத்தில் தோய்த்தனர், தீட்டினர், மீண்டும் உதட்டில் வைத்தனர். ஒவ்வொரு முறையும் நஞ்சின் ஒரு சிறு கூறு வயிற்றுக்குள் சென்றது. வேலை முடிந்து வீடு திரும்புகையில் அவர்தம் கூந்தலும் உடையும் இருளில் ஒளிர்ந்தன. அதனை அழகென்று அவர்கள் எண்ணியது அவர்கள் குற்றமன்று. தீங்கில்லை, கன்னம் சிவக்கும் என்று சொல்லிவைத்தவர்கள் இருந்தார்கள்.

சொல்லிவைத்தவர்க்கு உண்மை தெரியாதா? பிரெஞ்சு நாட்டறிஞர் பெக்கெரல், சட்டைப் பையில் வைத்திருந்த கதிரியக் குழாய் தம் தோலைச் சுட்டுப் புண்ணாக்கியதை 1901-ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். பியேர் கியூரி தம் கையின்மேலேயே அதனை வைத்துச் சோதித்து, புண்ணின் வளர்ச்சியையும் ஆறுதலையும் குறித்துவைத்தார். அதே ஆரஞ்சுத் தொழிற்சாலையின் வேதியியலார் ஈயத் தட்டிகளின் பின்னே நின்று, இடுக்கிகளால் எடுத்தே கதிரியத்தைக் கையாண்டனர். ஆகவே இஃது அறியாமையால் நேர்ந்த கேடு எனல் பொருந்தாது. அறிந்தவரும் அறியாதவரும் ஒரே கூரையின்கீழ் வேலை செய்தனர். அறிந்தவர் அறியாதவர்க்குச் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

கதிரியத்தின் அணுக்கரு தானே சிதைந்து ஆல்பாத் துகள் என்னும் ஒன்றை வெளிவிடுகிறது. அத்துகள் வலிமை மிக்கது; ஆயினும் நெடுந்தொலைவு செல்லாதது. ஒரு தாள் அதனைத் தடுத்துவிடும்; மேல்தோலே தடுத்துவிடும். (பெக்கெரலின் தோலைச் சுட்டவை, கதிரியத்தோடு உடன்வரும் வேறு கதிர்கள்.) உடலின் உள்ளே அத்துகள் செல்லும் தொலைவு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. வெளியே இருக்கும்வரை இதுவே காப்பு. உள்ளே புகுந்தபின் இதுவே கேடு. துகளின் ஆற்றல் முழுவதும் அச்சிறு இடத்திலேயே கொட்டித் தீர்கிறது அல்லவா? மேலும், கதிரியம் வேதியியல்பில் கால்சியத்தின் இனத்தைச் சேர்ந்தது. உடல் மயங்கி அதனையும் எலும்பிலேயே சேர்த்துவைக்கிறது. ஒரு கிராமைப் பத்து இலக்கமாகப் பகுத்து அதில் ஒரு கூறு எடுத்தால் அதுவே ஒரு மைக்ரோகிராம். அந்த ஒரு கூறு கதிரியத்தில் நொடிக்கு 37,000 அணுக்கள் சிதைகின்றன. இருப்பதில் பாதி சிதைந்தொழிய ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். அப்பெண்களின் எலும்பில் குடியேறியது, அவர்தம் வாழ்நாளில் குறைந்துவிடும் நஞ்சன்று.

முதலில் பல் ஆடியது. பல்லைப் பிடுங்கிய இடம் ஆறவில்லை. பின் தாடையெலும்பே துண்டு துண்டாகப் பெயர்ந்து வந்தது. மோலி மாகியா என்னும் பெண் 1922-இல் இறந்தபோது, பால்வினை நோயால் இறந்தாள் என்று இறப்புச் சான்றில் எழுதினார்கள். உயிரோடு மானமும் போயிற்று. ஐந்தாண்டு கழித்து, 1927-இல், அவள் உடலைத் தோண்டி எடுத்து ஆய்ந்தனர். எலும்புகளை ஒளிப்படத் தகட்டின்மேல் இருளில் வைத்தபோது, அவை தம் உருவைத் தாமே தகட்டில் பதித்தன. அவ்வெலும்புகளில் கதிரியம் இருந்தது. சான்றில் எழுதிய நோய் அவள் உடலில் இல்லை.

இதற்கிடையில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் செசில் டிரிங்கர் 1924-இல் தொழிற்சாலையை ஆய்ந்து, அங்கே தூசும் தொழிலாளர் மேனியும் ஒளிர்வதைக் கண்டு, கேட்டுக்குக் காரணம் கதிரியமே என்று அறிக்கை தந்தார். நிறுவனத்தார் அவ்வறிக்கையைத் திரித்து, பெண்கள் யாவரும் முழு நலத்தோடு இருப்பதாக மாநிலத் தொழில்துறைக்குத் தெரிவித்தனர். திரிபு வெளிப்பட்டபின், 1925-இல், டிரிங்கர் தம் முடிவுகளைத் தாமே வெளியிட்டார். அதே ஆண்டில் அரசு மருத்துவ ஆய்வாளர் ஆரிசன் மார்ட்டுலாந்து, இறந்தோர் உடலிலும் உயிரோடிருப்போர் மூச்சிலும் கதிரியத்தின் அடையாளத்தை அளந்து காட்டினார். உடல்நலக் காப்புக்கான ஆராய்ச்சி என்பது இதுதான். இதற்குப் புதிய கோட்பாடு வேண்டியதில்லை. அளக்கும் கருவியும், அளந்ததை அஞ்சாமல் சொல்லும் நாவும் வேண்டும்.

கிரேசு பிரையர் என்பவர் அத்தொழிற்சாலையில் 18 அகவையில் சேர்ந்தவர். முதுகெலும்பு நொறுங்கி, எஃகுக் கவசத்தால் உடலை நிமிர்த்தி நடந்தவர். வழக்கை ஏற்க ஒரு வழக்குரைஞரைத் தேடியே அவருக்கு இரண்டாண்டு கழிந்தது. 1927-இல் அவரும் வேறு நால்வரும் வழக்குத் தொடுத்தனர். தீங்கு நேர்ந்து இரண்டாண்டுக்குள் வழக்காடியிருக்க வேண்டும் என்று நிறுவனம் வாதிட்டது. எலும்புக்குள் நாள்தோறும் நேரும் தீங்குக்கு எந்த நாளை முதல் நாளென்று குறிப்பது? 1928 சனவரியில் மன்றத்துக்கு வந்தபோது உறுதிமொழி கூறக் கையை உயர்த்தவும் அவர்களுக்கு வலுவில்லை. ஏப்பிரலில் வழக்கை செப்தம்பருக்குத் தள்ளிவைத்தனர். காரணம், நிறுவனத்தின் சான்றாளர்கள் ஓய்வுக்காக ஐரோப்பா செல்கிறார்களாம்! செய்தித்தாள்கள் கொதித்தெழுந்தபின் வழக்கு சூன் திங்களில் உடன்பாட்டில் முடிந்தது. ஆளுக்கு 10,000 தாலர், ஆண்டுக்கு 600 தாலர், மருத்துவச் செலவு. குற்றத்தை நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. அவ்வண்ணத்தைப் படைத்த வேதியியலாரான வான் சொக்கோக்கியும் அவ்வாண்டு நவம்பரில் கதிரியத்தாலேயே இறந்தார்.

அதே 1928-ஆம் ஆண்டின் கோடையில், செருமனியின் கொட்டிங்கன் நகருக்குச் சியார்சு காமோ என்னும் உருசிய இளைஞர் வந்து சேர்ந்தார். அவருக்கு அகவை 24. இரதர்போர்டு முந்தைய ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றை அங்கே நூலகத்தில் படித்தார். அதில் ஒரு புதிர் இருந்தது. யுரேனியத்தின் அணுக்கருவை நோக்கி வலிமை மிக்க ஆல்பாத் துகள்களை எய்தால், கருவைச் சூழ்ந்த மின்விலக்கு என்னும் மதிலை அவை கடக்கமாட்டாமல் திரும்புகின்றன. அந்த யுரேனியமோ, எய்த துகளின் ஆற்றலில் பாதியே உடைய துகளைத் தன் உள்ளிருந்து தானே வெளிவிடுகிறது. முழு வலுவுடையோன் வெளியிலிருந்து ஏற முடியாத மதிலை, பாதி வலுவுடையோன் உள்ளிருந்து எவ்வாறு தாண்டினான்?

தாண்டவில்லை, ஊடுருவினான் என்பதே காமோ கண்ட விடை. குவாண்டம் என்று உலகம் வழங்கும் துளிமக் கோட்பாட்டின்படி, நுண்துகள் அலையியல்பும் உடையது. அவ்வலை மதிலுக்குள் தேய்ந்துகொண்டே சென்றாலும் முற்றிலும் அற்றுப்போவதில்லை. மதிலின் மறுபுறத்தே துகள் தோன்றுவதற்கு மிகச் சிறிய வாய்ப்பொன்று எஞ்சி நிற்கிறது. அவ்வாய்ப்பின் அளவே அணுவின் வாழ்நாளைத் தீர்மானிக்கிறது. யுரேனியத்தின் பாதி சிதைய 450 கோடி ஆண்டு ஆவதும், அதைப்போல் இருமடங்கு ஆற்றலோடு துகளை வெளிவிடும் ஒருவகைப் பொலோனியம் நொடியின் பத்து இலக்கத்தில் ஒரு பங்குக்குள் பாதி சிதைவதும் ஒரே சமன்பாட்டால் விளங்கின. அமெரிக்காவில் கர்னி, காண்டன் இருவரும் அதே ஆண்டில் தனியே இம்முடிவை எட்டினர். மாந்த அறிவின் பெருமைக்குரிய முடிபுகளுள் இஃதொன்று, ஐயமில்லை.

ஆயினும் அது யாருடைய வலியைக் குறைத்தது? கிரேசு பிரையரின் முதுகெலும்புக்குள் நொடிதோறும் நிகழ்ந்துகொண்டிருந்ததும் அதே ஊடுருவல்தான். எந்த அணு அடுத்துச் சிதையும் என்று யாரும் கூற இயலாது. சூட்டினாலும் குளிரினாலும் மருந்தினாலும் அதனை நிறுத்தவும் இயலாது என்பதைக் கோட்பாடு தெளிவாக்கியது. காமோவைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அவர் தம் பணியைச் செய்தார். குறை வேறிடத்தில் உள்ளது. அதே 1928-இல் இசுடாக்கோம் நகரில் கூடிய மருத்துவ மாநாடு, ஊடுகதிருக்கும் கதிரியத்துக்கும் பன்னாட்டுக் காப்புக் குழு ஒன்றை அமைத்தது. அதன் முதற் பரிந்துரைகள் மருத்துவமனைகளில் அக்கதிர்களோடு பணிபுரிவோரைப் பற்றியவை. ஒரே ஆண்டில் கோட்பாடும் பிறந்தது, காப்புக் குழுவும் பிறந்தது, வழக்கும் முடிந்தது. மூன்றும் ஒன்றையொன்று அறியவில்லை. இயற்பியல் நூல்களில் காமோவின் பெயர் உண்டு. பிரையரின் பெயரைத் தேடிப் பார்த்தாலும் கிடைப்பதரிது.

இப்பிளவை நிரப்பியவர் இராபுலி எவான்சு என்னும் இயற்பியலார். மணிப்பொறி தீட்டிய பெண்கள் உள்ளிட்ட பலரின் மூச்சையும் உடலையும் அளந்து, யாருடைய எலும்பில் எவ்வளவு கதிரியம், யாருக்கு எக்கேடு என்று கணக்கெடுத்தார். 1.2 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் உடையோரிடம் கேடு காணப்பட்டது, 0.5-க்குக் குறைந்தோரிடம் காணப்படவில்லை. 1941-இல் உடலில் இருக்கத்தக்க உச்ச அளவை உறுதிசெய்யக் குழு கூடியபோது, உறுப்பினர்களை நோக்கி எவான்சு வினவியது கருதத்தக்கது: இவ்வளவு கதிரியம் உங்கள் மனைவியின் உடலிலோ மகளின் உடலிலோ இருந்தால் மனம் அமைதியாக இருப்பீர்களா? அவர்கள் இசைந்த அளவு 0.1 மைக்ரோகிராம். 1917-இல் அத்தொழிற்சாலையில் யாரேனும் இவ்வினாவை எழுப்பியிருந்தால் தூரிகை ஒருவர் உதட்டையும் தொட்டிராது.

புளுட்டோனியத்தைக் கண்டறிந்தவருள் ஒருவரான கிளென் சீபோர்கு, 1944 சனவரியில், அதனைக் கையாளவிருந்த தம் பணியாளர்களை எண்ணியபோது நினைவுக்கு வந்தவர்கள் இப்பெண்களே. புளுட்டோனியத்துக்கான முதல் வரம்புகள், கதிரியம் ஏந்திய எலும்புகளிலிருந்து பெற்ற கணக்கின்மேல்தான் எழுந்தன. அணுகுண்டுக் கூடத்தில் வேலைசெய்தோரைக் காத்தவை இவ்வெலும்புகள். அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்புதல் கேட்டுப் பெற்ற அறிவா அது? பிரையர் 1933-இலேயே இறந்துவிட்டிருந்தார். ஆனாலும் ஆய்வுக்குத் தம் உடலைத் தாமே முன்வந்து ஒப்படைத்த பெண்களும் உண்டு; ஆர்கான் ஆய்வுக்கூடம் அவர்களை 1993 வரை தொடர்ந்து ஆய்ந்துவந்தது.

நியூ செர்சியில் இத்தனையும் நடந்தபின்னும் இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா நகரில் உதட்டில் தூரிகை கூராக்கும் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. அங்கே கேத்தரின் தொனோகு என்பவர் 1938-இல், எழுந்து நிற்கவும் இயலாத நிலையில், தம் வீட்டுப் படுக்கையில் இருந்தபடியே சான்றுரைத்து வழக்கில் வென்றார், அவ்வாண்டிலேயே இறந்தார். நிறுவனம் மேன்முறையீடு செய்துகொண்டே போயிற்று. 1939-இல் நாட்டின் உச்சமன்றம் அதனை ஏற்க மறுத்தது. அந்நகரில் 2011-இல் வெண்கலச் சிலையொன்று நிறுவினர். மணிப்பொறி முகப்பின்மேல் நிற்கும் ஓர் இளம்பெண். ஒரு கையில் துலிப்பு மலர், மறு கையில் தூரிகை.