சிறிய பலகை, பெரிய கௌரவம்

கடலோரத்தில் பிறந்தவனுக்குக் கடல் வயல். உள்நாட்டிலிருந்து வருகிறவனுக்கோ அது விளையாட்டுத் திடல். விடுமுறை நாள் வந்துவிட்டால், செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலையில் இளைஞர் கூட்டம் விரைந்து செல்வதைக் காண்கிறோம். சிலர் சிற்பங்களைக் காணச் செல்கின்றனர். சிலர் வடக்கே கோவளம்வரை சென்று திரும்புகின்றனர். அண்மை ஆண்டுகளில் இவர்களுள் பலரை ஈர்க்கும் புதியதொரு விளையாட்டு அலைச்சறுக்கு.

ஒரு பலகையின்மேல் படுத்து, கைகளால் நீரைத் துழாவி, அலை வந்து தூக்கும் நொடியில் துள்ளி எழுந்து நின்று கரையை நோக்கிச் சறுக்கிவரும் விளையாட்டு இது. கோவளத்தில் மீனவக் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்து, ஒரு பயிற்சிப் பள்ளியே உருவாகக் காரணமானார். 2023 ஆகஸ்டு மாதம் மாமல்லபுரத்தில் பன்னாட்டு வீரர்கள் கலந்துகொண்ட போட்டி நடைபெற்றது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே அங்கு நடந்தது. அதில் நம் நாட்டைச் சேர்ந்த ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் பெற்றார். உடலுக்கு உரமும் உள்ளத்திற்கு உவகையும் தரும் இவ்விளையாட்டைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அதில் அடங்கியுள்ள ஒரு சிறு செய்தியைப் பெற்றோரின் கவனத்திற்குக் கொண்டுவரவே விரும்புகிறோம். அது பலகையின் நீளம் பற்றியது.

புதிதாகப் பழகுகிறவனுக்கு ஆசிரியர் தருவது எட்டு, ஒன்பது அடி நீளமுள்ள பருத்த பலகை. மேற்புறம் மென்மையான நுரைப்பொருளால் ஆனது. தலையில் இடித்தாலும் பெருங்காயம் விளைவிக்காது. எட்டடிப் பலகையின் கொள்ளளவு 70, 80 லிட்டர் இருக்கும். தேர்ந்த வீரர்கள் போட்டியில் பயன்படுத்துவதோ ஏறக்குறைய ஆறடி நீளமுள்ள மெல்லிய பலகை. அதன் கொள்ளளவு 30 லிட்டர் அளவே. அது கடினமானது, முனை கூரியது, அடியில் மீனின் துடுப்புப் போன்ற தகடுகள் உள்ளன.

ஒரு பலகை எவ்வளவு நீரை விலக்குகிறதோ அவ்வளவு எடையைத்தான் நீர் தாங்கும் என்பது பள்ளிப் பாடம். பெரிய பலகை ஆளை நீருக்கு மேலே ஏந்துகிறது. ஆகவே கை வீச்சு ஒவ்வொன்றும் பலன் தருகிறது. அலை செங்குத்தாவதற்கு முன்பே அதனைப் பிடித்து, நிதானமாக எழுந்து நிற்கலாம். சிறிய பலகையில் பாதி உடல் நீரில் அமிழ்ந்து கிடக்கும். எவ்வளவு துழாவினாலும் விரைவு வராது. அலையை எட்டிப் பிடிக்கும்போது அது உடையும் தறுவாயில் இருக்கும். பலகையின் முனை நீரில் குத்தி, ஆள் தலைகுப்புற விழுவான். நம் கடற்கரையில் அலை உடையும் இடத்தில் பல வேளைகளில் இடுப்பளவு நீரே உண்டு. அதன் கீழே இறுகிய மணல். கழுத்துக்கும் தோளுக்கும் நேரும் காயம் இவ்வாறு வருவதே.

இன்னொன்றும் உண்டு. கரையில் மோதிய நீர் ஓரிடத்தில் திரண்டு கடலை நோக்கித் திரும்பும் இழுப்பில் அகப்பட்டவனுக்குப் பெரிய பலகை ஒரு தெப்பம். அதன்மேல் படுத்து மூச்சு வாங்கிக்கொண்டு, கரைக்கு இணையாகத் துழாவி இழுப்பைவிட்டு விலகலாம். தளர்ந்துபோன புதியவனைச் சிறிய பலகை அவ்வளவு நேரம் தாங்குவதில்லை.

அபாயத்தைக் காட்டிலும் வியப்பானது, சிறிய பலகையில் கற்பதும் தாமதமாகும் என்பது. ஒரு காலைப் பொழுதில் பெரிய பலகைக்காரன் இருபது முறை எழுந்து நிற்பான்; சிறிய பலகைக்காரன் இரண்டு முறை நின்றால் அரிது. நிற்காமல் நிற்கக் கற்பது எங்ஙனம்?

இவ்வளவும் ஆசிரியர் முதல் நாளே சொல்லிவிடுகிறார். எனினும் மூன்றாம் நான்காம் வாரத்திலேயே பலரது கை சிறிய பலகையை நாடுகிறது. காரணம் என்ன? பலகை கடலில் மிதந்தாலும், அது தேர்ந்தெடுக்கப்படும் இடம் மணல். மணலில் நண்பர்கள் நிற்கின்றனர். “இன்னும் குழந்தைப் பலகைதானா?” என்று ஒருவன் சிரிக்கிறான். மற்றவன் ஒன்றும் சொல்லாமல் தன் ஆறடிப் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடக்கிறான். சொன்னவனைவிடச் சொல்லாதவனே வலிமையாகப் பேசிவிடுகிறான். ஒன்பதடிப் பலகையைத் தலையில் சுமந்து அவன் பின்னே செல்ல இவனுக்கு நாணம் வருகிறது. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை இங்குத் தொடங்குகிறது.

இது கடலுக்கு மட்டும் உரிய நோய் அன்று, வானத்திலும் உண்டு. மேலை நாடுகளில் விமானத்திலிருந்து குதித்து வான்குடையால் இறங்குவதை விளையாட்டாகக் கொண்டோர் பலர். புதியவருக்கு 200 சதுர அடிக்கு மேற்பட்ட பெரிய குடை. அது மெதுவாக இறக்கிவிடும். பல நூறு முறை குதித்துத் தேர்ந்தவர் 100 சதுர அடியிலும் குறைந்த குடையைக் கையாள்வர். அதே ஆள், சிறிய துணி: இறங்கும் வேகமும் திரும்பும் வேகமும் மிகுகின்றன, பெரிய குடை பொறுத்துக்கொண்ட கைப்பிழையைச் சிறிய குடை பொறுப்பதில்லை. அவ்விளையாட்டில் நேரும் மரணங்களில் கணிசமானவை குடை விரியாமல் போனதால் நேர்ந்தவை அல்ல. நன்றாக விரிந்த குடையின்கீழ், தரையை நெருங்கும் வேளையில் நேர்ந்தவை. அங்கும் “இன்னும் அந்தக் கூடாரத்திலா இறங்குகிறாய்?” என்னும் கேலி உண்டு. ஆதலின், இத்தனை முறை குதித்தவர்க்கு இவ்வளவு சிறிய குடையே எல்லை என்று சில நாடுகளில் விதியே வகுத்திருக்கின்றனர்.

தனி மனிதர் மட்டுமல்லர், உலகமே இவ்வாறு மயங்கியதுண்டு. 1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் டியேகோவில் நடந்த உலக அலைச்சறுக்குப் போட்டியில் வென்ற ஆஸ்திரேலிய வீரர் நாட் யங் ஒன்பது அடிக்கு மேற்பட்ட பலகையில்தான் வென்றார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் வீரர்கள் ஆறு, ஏழு அடிப் பலகைக்கு மாறினர். அவர்களைக் கண்டு, வாரம் ஒருமுறை கடலுக்குச் செல்லும் சாதாரண மனிதரும் நல்ல நீண்ட பலகைகளைக் கைவிட்டனர். பலருக்கு அலை கிட்டாமலே போயிற்று. நீண்ட பலகை மீண்டும் மதிப்புப் பெறப் பல ஆண்டுகள் ஆயின.

மனவியல் அறிஞர் இதனை ஆராய்ந்துள்ளனர். 2005ஆம் ஆண்டு கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், 306 பேரைக் கணிப்பொறியில் கார் ஓட்டும் விளையாட்டில் ஈடுபடுத்தினர். தனியே ஆடியபோது ஓரளவு எச்சரிக்கையாக இருந்த 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள், நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது மிகுதியாகத் துணிந்தனர். 24 வயதைக் கடந்தோரிடம் அந்த மாற்றம் மிகக் குறைவு. ஆக, இளையோர்க்கு ஆபத்து தெரியாது என்பதன்று. நண்பனின் கண் முன்னே அது சிறிதாகத் தோன்றுகிறது.

அதற்கும் முன்னர், 1950களில் சாலமன் ஆஷ் என்பவர் செய்த சோதனை இன்னும் எளிது. ஓர் அட்டையில் ஒரு கோடு. மற்றோர் அட்டையில் மூன்று கோடுகள். சம நீளமுள்ளது எது என்று சொல்ல வேண்டும். தனியே கேட்டால் ஏறத்தாழ எவரும் தவறுவதில்லை. ஆனால் அறையிலுள்ள மற்றவர் அனைவரும் முன்கூட்டிப் பேசிவைத்துத் தவறான கோட்டைக் காட்டியபோது, உண்மையறியாத அந்த ஒருவர் ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை தம் கண்ணையே நம்பாமல் கூட்டத்தோடு சேர்ந்து தவறு சொன்னார். நமக்கு ஆறுதலளிப்பது அடுத்த பகுதி. அக்கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும். தவறு நூற்றுக்கு ஐந்து, ஆறு என்ற அளவிற்குக் குறைந்துவிட்டது.

ஒருவர் போதும்! இதுவே நாம் நெஞ்சில் பதிக்க வேண்டியது. பத்து எச்சரிக்கைப் பலகைகளும் நூறு அறிவுரைகளும் செய்யாததை, கூட்டத்துக்குள்ளிருந்து எழும் ஒரு குரல் செய்துவிடும். நன்றாகச் சறுக்கத் தெரிந்த மூத்தவன் ஒருவன் தானே ஒருநாள் நீண்ட பலகையை எடுத்துக்கொண்டு, “இன்று அலை சிறிது, இதுதான் சரி, நீயும் இதையே எடு” என்றால், புதியவனின் நாணம் அந்நொடியே கலைகிறது. கடற்கரைக் குப்பங்களில் இம்மரபு புதிதன்று. தந்தையோ மாமனோ உடன்வரச் சென்று பழகாத பிள்ளையை அலை தாண்டித் தனியே அனுப்பமாட்டார்கள். எப்போது தனியே போகலாம் என்பதைப் பிள்ளையின் தோழர் அன்று, கடலறிந்த பெரியவரே தீர்மானிப்பார்.

சிறிய பலகை என்றுமே கூடாது என்பது நம் வாதமன்று. உடையாத அலையைத் தானே தேர்ந்து, தானே துழாவிப் பிடித்து, வலமும் இடமும் திரும்பி, பிறர் மேல் மோதாமல் பலகையைக் காக்கத் தெரிந்தவன் அடுத்த அளவிற்கு இறங்கலாம். அதுவும் ஒரேயடியாக மூன்றடி குறைக்காமல், படிப்படியாக. அப்படி இறங்குவது வளர்ச்சி; நகைப்புக்கு அஞ்சி இறங்குவது அடிமைத்தனம்.

பெற்றோரே, “கடலுக்கே போகாதே” என்ற கட்டளை பெரும்பாலும் சொல்லாமற் போவதில்தான் முடியும். அதைவிட, திரும்பி வந்த பிள்ளையிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்தப் பலகையில் சறுக்கினாய்? அதைத் தேர்ந்தது யார், ஆசிரியரா, நண்பர்களா? எத்தனை முறை எழுந்து நின்றாய்? மூன்றாம் கேள்விக்குரிய விடையைப் பாராட்டுங்கள். பலகையின் அளவைப் பாராட்டாதீர்கள். எதை வீட்டில் புகழ்கிறோமோ அதையே பிள்ளை வெளியில் தேடுவான். மாணவர்களுள் மூத்தவன் உங்கள் வீட்டில் இருந்தால், அந்த ஒரு குரலாக அவன் இருக்கலாம் என்று அவனிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

கூடவே நம்மையும் சற்று நோக்கிக்கொள்வோம். உறவினர் என்ன நினைப்பார்களோ என்று கடன்பட்டுப் பெரிய மண்டபத்தில் திருமணம் நடத்துகிறோம். எதிர்வீட்டார் வாங்கினார்கள் என்பதற்காகத் தேவையற்ற பொருளைத் தவணையில் வாங்குகிறோம். இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டே வளர்ந்த பிள்ளை, மணலில் நிற்கும் நான்கு நண்பர்களின் சிரிப்புக்கு அஞ்சாதிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வகையில் நியாயம்? பிறர் கண்ணுக்கு அஞ்சாமல், “என் அளவு இது” என்று சொல்லும் துணிவைப் பிள்ளை முதலில் வீட்டில் காணட்டும். பிறகு கோவளத்து மணலில் ஒன்பதடிப் பலகையைச் சுமந்து நடக்க அவனுக்கு நாணமிராது.